பத்தாம் நம்பர் மலை

"பத்தாம் நம்பர் மலை இந்த வருஷம் கவ்வாத்து" என்று அம்மா கடைசியாகச் சொன்னது 2022 சித்திரையில். கோத்தகிரியில் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். அடுத்த தை மாதம் அவள் இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிய பிறகு, துருவியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அந்தச் சேதியை இனி என்னிடம் சொல்ல ஆளில்லை.

அந்த மலை கோத்தகிரியில் இல்லை. இலங்கையில், ஹட்டனை அடுத்த டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. அங்கே மலை என்றால் தேயிலை நட்ட ஒரு பரப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி நம்பரைச் சொன்னால் எந்த மலைக்குக் கூடை தூக்க வேண்டும் என்று பெண்களுக்குத் தெரியும். நான் பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில், 1966இல். பதினொரு வயதில் கப்பல் ஏறினேன்.

கவ்வாத்தைப் பற்றிச் சொல்லாமல் அம்மாவைப் பற்றிச் சொல்ல முடியாது. தேயிலை இயல்பில் ஒரு மரம். விட்டால் வீட்டுக்கூரையைத் தாண்டி வளரும். கொழுந்து பறிக்கிற கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அதை இடுப்பளவிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். பறிக்கப் பறிக்க மேல்தட்டு முற்றிப்போய் விளைச்சல் குறையும். அப்போது வளைந்த கத்தியால் தூரை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவார்கள். எங்கள் தோட்டத்தில் அது நாலு வருஷக் கணக்கு. வெட்டின மலையைப் பார்க்கச் சகிக்காது. பச்சைப் போர்வையாகக் கிடந்த சரிவில் சாம்பல் நிறக் குச்சிகள் மட்டும் நிற்கும். அதுவரை மறைந்திருந்த வடிகால் கானும் கல்லும் கரையான் புற்றும் தெரியும். குழிகளும் தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் துளிர் விட்டு, அடுத்த வருஷத்துக்குள் மலை பழையபடி மூடிக்கொள்ளும்.

என் தம்பியின் குழி பத்தாம் நம்பர் மலையில் இருந்தது. வாகை மரத்தடிக் கானிலிருந்து மேலே ஏழாவது நெரை.

அவன் 1973 ஆவணியில் பிறந்தான். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் தோட்டங்களில் பஞ்சம். கூப்பனுக்குக் கொடுத்த மாவும் அரிசியும் குறைந்துகொண்டே வந்தன. வெளியில் வாங்கலாம் என்றால் நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கூலி ஒரு வேளைச் சோற்றுக்குக் காணாது. மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் தின்றோம். தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். அம்மாவுக்குப் பால் வற்றிப்போனது. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் கரைத்துக் கொடுத்த தண்ணிப் பால் அவன் வயிற்றில் நிற்கவில்லை. சித்திரையில் நாலு நாள் வயிற்றாலை போனது. ஐந்தாம் நாள் விடிகாலையில், பெரட்டுத் தப்பு அடிக்கிற நேரத்தில், அம்மாவின் மடியிலேயே அடங்கினான். எட்டு மாதக் குழந்தை. அப்போதுதான் பத்தாம் நம்பர் மலை கவ்வாத்து வெட்டி முடிந்திருந்தது. வெட்டின மலையில் குழி தோண்டுவது சுலபம் என்று அங்கே கொண்டுபோனார்கள். அப்பா ஒரு துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனதை லயத்து இஸ்தோப்பில் நின்று பார்த்தேன். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப்போவது மாதிரிதான் இருந்தது.

இன்னொரு கணக்கும் அந்த வருஷம் நடந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்து, 1974 தொடக்கத்தில் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். லயத்துக்கு வந்து எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று தலைமுறை கொழுந்து கிள்ளின மனுஷர்களை மடுவத்தில் கொழுந்து நிறுப்பது மாதிரி நிறுத்துப் பிரித்தது அநியாயம். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அதைச் சொல்ல வேறு சொல் கிடைக்கவில்லை.

அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 1974 மாசியில் கண்டியிலிருந்து பாஸ்போர்ட் வந்துவிட்டது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் பிள்ளைகள் விவரத்துக்கு ஒரு பக்கம். முதல் வரியில் நான், இரண்டாவது வரியில் தம்பி. பாஸ்போர்ட் வந்த பிறகும் புறப்பட முடியவில்லை. சேமலாப நிதிப் பணம் கைக்கு வராமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். அது மூன்று வருஷம் இழுத்தது. அதற்குள் மலை மூடிவிட்டது. அம்மா கொழுந்துக் கூடையோடு அந்த நெரையில் எத்தனையோ தடவை நடந்திருப்பாள். தூருக்குக் கீழே குனிந்து பார்த்தால் நிழலும் சருகும்தான்.

பணம் வந்தது 1977இல். தோட்டத்தைக் காலி செய்ய வேண்டிய தேதியும் கூடவே வந்தது. அன்றைக்கு ராத்திரி அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டது எனக்கு இன்னும் கேட்கிறது.

"என்னாங்க, மூணு வருஷம் இழுத்தாச்சு. இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போவமே."

"எதுக்கு?"

"வர்ற வருஷம் பத்தாம் நம்பர் கவ்வாத்து."

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "விசா முடிஞ்சா போலீஸ்ல புடிச்சி ஏத்துவான் புள்ள" என்றார்.

ஹட்டன் ஸ்டேஷனில் எங்களை ஏற்றிவிட்ட ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஏறினவர்களும் அழுதார்கள், பிளாட்பாரத்தில் நின்றவர்களும் அழுதார்கள். பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டி நகர்ந்த பிறகும் ஓடி வந்தாள். அம்மா அழவில்லை. பொல்காவலையில் வண்டி மாறி, அநுராதபுரம், மதவாச்சி தாண்டித் தலைமன்னார் வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள். மலை முடிந்து சமவெளி வந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. அப்படி ஒரு வெக்கையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

தலைமன்னார் கொட்டகையில் பெட்டிகளைத் திறந்து கொட்டிப் பார்த்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, என்னைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தார்.

"ரெண்டு பிள்ளை என்று போட்டிருக்கு. ஒன்றுதான் நிக்குது. மற்றது எங்கே?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் பதில் சொன்னாள்.

"அது தோட்டத்துல இருக்குங்க தொர."

"பிறகு எப்ப வரும்?"

அம்மாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "செத்துப்போச்சுங்க" என்றார் அப்பா. அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து இரண்டாவது வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ராமானுஜம் கப்பலில் அம்மா அந்தப் பாஸ்போர்ட்டை விரித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, நீலகிரிக்கு வந்தோம். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் அப்போதுதான் கழகமாக மாறியிருந்தது. டேன்டீ என்று எல்லாருக்கும் தெரியும். காட்டை வெட்டி, குழி போட்டு, நாற்று நட்டது முழுக்க எங்கள் ஆட்கள். கோத்தகிரிச் சந்தையில் எங்களைச் சிலோன்காரங்க என்றார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். அந்தப் பெயர்களோடு பழகிக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆனது. அம்மாவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அவள் மனம் வேறு ஒரு கணக்கில் இருந்தது.

தம்பி பேச்சை அவள் எடுக்க மாட்டாள். நாங்கள் எடுத்தாலும் எழுந்து போய்விடுவாள். டிக்கோயாத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுவார்கள். அவன் செத்த மறு வருஷம், காமனை எரிக்கிற ராத்திரி அம்மா பனியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். ரதி மாரில் அடித்துக்கொண்டு அழுததைக் கண் கொட்டாமல் பார்த்தாள். மூன்றாம் நாள் காமனை எழுப்புகிற சடங்குக்கு லயமே கிளம்பிப் போனபோது இவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். எழுந்து வந்த காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்று வாத்தியார் பாட்டில் விளக்குவதைக் கேட்டுவிட்டு வந்து நான் அவளிடம் சொன்னேன். "தெரியறவளுக்குத் தெரிஞ்சிட்டுப் போகட்டும்" என்றாள். சின்னப் பிள்ளையான எனக்கு அது கோபம் மாதிரிப் பட்டது. அம்மாவுக்கு மனசு கல் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

1983 கலவரத்துக்குப் பிறகு பெரியம்மாவிடமிருந்து கடிதம் வருவது குறைந்தது. 1984இல் கப்பலும் நின்றது. ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து அப்பா சொன்னபோது அம்மா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். "கப்பல் நின்னா என்னா, கவ்வாத்து நிக்குமா?" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அது விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது 1986இல். ஆசிரியர் பயிற்சியிலிருந்து லீவுக்கு வந்திருந்தேன். வீட்டில் அம்மா இல்லை. தேடிப்போனால் லயத்துக்குப் பின்னால், அந்த வாரம் கவ்வாத்து வெட்டின சரிவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கட்டு மிலாறு. வெட்டிப் போட்ட குச்சிகளை அடுப்புக்குப் பொறுக்குவது வழக்கம்தான். ஆனால் கட்டிய கட்டைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிச்சமாக இருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"என்னம்மா, வெயில்ல உக்காந்திருக்க?"

"பத்தாம் நம்பர் இந்த வருஷம் கவ்வாத்து, புள்ள" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி மேல இந்த வருஷம் வெயில் படும்" என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் அவனைப் பற்றிப் பேசினாள். இடது காதுக்குப் பின்னால் மச்சம் இருந்தது என்றாள். மழைச் சத்தம் கேட்டால் அழுகையை நிறுத்திவிடுவான் என்றாள். டிக்கோயாவில் வருஷத்தில் பாதி நாள் மழையும் பனியும்தான், பச்சப்பிள்ளைக்கு அது எப்படிக் காணும், அதனால்தான் நாலு வருஷத்துக்கு ஒருதடவை மலையைத் திறந்துவிடுகிறார்கள் என்றாள். தோட்டம் அவளுக்காகக் கவ்வாத்து வெட்டவில்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கொழுந்துக்காக வெட்டுகிற வெட்டிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள், நாங்கள் மிலாறு எடுத்துக்கொண்ட மாதிரி.

மூடுகிற வருஷங்களில் அவள் அவனை விட்டுவிடுவாள். வேலைக்குப் போனாள், கூடை சுமந்தாள், எனக்குக் கல்யாணம் செய்து வைத்தாள், 1996இல் அப்பாவை அடக்கம் செய்தாள். பேரப்பிள்ளைகளுக்குத் தலை பின்னினாள். எங்களோடு சிரித்தாள். கவ்வாத்து வருஷம் வந்தால் மட்டும் அவள் நடை மாறும். சேதியை ஒருதடவை சொல்லுவாள். அந்த மூன்று மாதம் துக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். துளிர் விட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றுகிற நாளில் எழுந்துவிடுவாள். மறந்துவிடு, காலம் ஆற்றும் என்று அவளிடம் எத்தனையோ பேர் சொன்னார்கள். என் மனசில் நின்றது அவள் செய்ததுதான்.

அவள் போன பிறகு தகரப் பெட்டியைத் திறந்தேன். கம்பளி, அப்பாவின் குடும்ப அட்டை, பாஸ்போர்ட். இரண்டாவது வரியில் அந்தக் கோடு மங்காமல் இருந்தது. பெட்டி மூடியின் உட்பக்கம் ஆணியால் கீறின கோடுகள். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு. 1978இல் தொடங்கி 2022 வரைக்கும்.

2023 டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில் போனேன். அம்மா இருக்கும்போது கூட்டிப்போகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொள்கிறேன். போகலாமா என்று அவளிடம் கேட்டபோதெல்லாம் "எதுக்கு, எனக்குத்தான் எல்லாம் தெரியுதே" என்றாள். அவள் பேச்சைக் கேட்டது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கொழும்பில் ரயில் ஏறி ஹட்டனில் இறங்கினேன். பெரியம்மா மகள் வந்திருந்தாள். எனக்குத் தங்கச்சி முறை. அங்கேயே நின்றுவிட்ட குடும்பம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. லயம் அதே லயம்தான். பிள்ளைகளில் இரண்டு பேர் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்கள். சாயத்தண்ணி கொடுத்து, கட்டச்சம்பலும் ரொட்டியும் வைத்தாள். அம்மாவின் கைப்பக்குவம் அப்படியே இருந்தது. எனக்குச் சாப்பிட முடியவில்லை.

"பத்தாம் நம்பர் மலைக்குப் போகணும்" என்றேன்.

"அங்கயா? அங்க இப்ப யாரும் போறதில்ல அக்கா."

"ஏன்?"

"அதக் காடாப் போட்டு பத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. கம்பெனி வந்த பொறவு நல்ல மலய மட்டும்தான் பாக்குறாங்க. ஆளும் இல்ல. குளவி கெடக்கும், சிறுத்தையும் நடமாடுதுன்றாங்க."

1992இல் அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது எனக்குத் தெரியும். இப்படி ஆகியிருக்கும் என்று தெரியாது. பெட்டி மூடியில் இருந்த கடைசி மூன்று கோடுகள் கண் முன்னால் வந்தன.

மறுநாள் அவளும் அவள் வீட்டுக்காரரும் கத்தி எடுத்துக்கொண்டு கூட வந்தார்கள். ரோட்டை ஒட்டின சரிவில் மானாப்புல் ஆள் உயரம். அதைத் தாண்டிக் கான் வரைக்கும் வழி வெட்டினார்கள். வாகை மரம் இல்லை, அடிக்கட்டை மட்டும் இருந்தது. அங்கிருந்து மேலே ஏழு நெரை எண்ணினேன். எண்ணுவது கஷ்டமாக இருந்தது, நெரை கலைந்துபோயிருந்தது. தேயிலையெல்லாம் மரமாகிவிட்டிருந்தது. என் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. ஐம்பத்தேழு வயது வரைக்கும் தேயிலைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறேன். தேயிலை நிழலில் நான் நின்றது அன்றைக்குத்தான். பறிக்கிற தேயிலையைப் பூக்க விடமாட்டார்கள். இங்கே கிளையெல்லாம் பூத்திருந்தது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். கீழே சருகின் மேலும் உதிர்ந்து கிடந்தது. வெயில் தரைக்கு வரவில்லை.

தங்கச்சி சூடம் கொண்டுவந்திருந்தாள். ஏற்றினோம். மழை தூறத் தொடங்கியது. மழைச் சத்தம் கேட்டால் அவன் அழுகையை நிறுத்திவிடுவான் என்று அவளிடம் சொன்னேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அட்டை ஏறுகிறது, போகலாம் என்று அவள் வீட்டுக்காரர் கூப்பிடும் வரைக்கும் அங்கேயே நின்றோம்.

அம்மாவைக் கோத்தகிரியில் லயத்து மயானத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறோம். அதை ஒட்டின தேயிலை இப்போது முழு வளர்ச்சியில் இருக்கிறது. சில நாள் அந்தப் பக்கமே போகாமல் இருக்க முடிகிறது. முதல் வருஷம் அது முடியவில்லை. ஒரு ஆணியைத் தேடி எடுத்து அந்தத் தகரப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பத்தாம் நம்பர் மலைக்கு அடுத்த கவ்வாத்து 2026இல்.